கேப்டனை மாற்றிய புனே

2017 பிப்ரவரி 19. ஐ.பி.எல். வீரர்கள் ஏலத்துக்கு முந்தைய நாள். மகேந்திர சிங் தோனியைக் கேப்டன் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டு ஸ்டீவ் ஸ்மித்தை அங்கே அமர்த்துவதாக ரைசிங் புனே அணி அறிவித்தது. அதற்கு முந்தைய சீசனில் தோனியின் கீழ் 14 லீக் ஆட்டங்களில் 5 வெற்றி. எட்டு அணிகளில் ஏழாமிடம். அடுத்த சீசனில் அதே 14 ஆட்டங்களில் 9 வெற்றி. புள்ளிப் பட்டியலில் இரண்டாமிடம். ஹைதராபாத்தில் நடந்த இறுதிப் போட்டியில் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில்தான் கோப்பை கைநழுவியது.

கேப்டனை மாற்றினார்கள், அணி எழுந்தது. இதைவிட எளிய கதை கிடையாது. ஏப்ரல் 6 அன்று புனேயின் கஹுஞ்சே மைதானத்தில் மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஸ்மித் ஆட்டமிழக்காமல் 84 அடித்து, ஒரு பந்து மீதமிருக்க வெற்றி பெற்றுத் தந்தார். உரிமையாளர் சஞ்சீவ் கோயங்காவின் சகோதரர் ஹர்ஷ் கோயங்கா உடனே ட்விட்டரில் ஸ்மித்தைப் புகழ்ந்து தோனியைச் சீண்டினார். ஒரே ஆட்டத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அதே ஆண்டு அணியின் பெயரிலும் ஒரு மாற்றம் செய்தார்கள். சூப்பர்ஜயன்ட்ஸ் என்பதன் கடைசி எழுத்தை வெட்டி சூப்பர்ஜயன்ட் ஆக்கினார்கள். முன்பு தோல்வி, பின்பு வெற்றி என்பது மட்டுமே சான்று என்றால், அந்த எழுத்துக்கும் கேப்டனுக்கு இணையான பெருமை சேர வேண்டும். யாரும் கொடுக்கவில்லை.

தலைவருக்கு உண்மையில் எவ்வளவு பங்கு என்ற கேள்வியை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் விளையாட்டு பேஸ்பால். அங்கே மேனேஜர் என்பவர் டக்அவுட்டில் உட்கார்ந்து, யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பந்து வீசுபவரை எப்போது மாற்றுவது என எல்லாவற்றையும் தீர்மானிப்பவர். கிரிக்கெட்டில் அந்த வேலை களத்தில் நிற்கும் கேப்டனுக்கும் வெளியே இருக்கும் பயிற்சியாளருக்கும் பிரிந்துகிடக்கிறது. எனவே புனேயைப் பேசும் முன், மேனேஜர்களின் வரலாற்றில் இரண்டு பேரைப் பார்த்துவிடுவது நல்லது.

கானி மேக் 1901 முதல் 1950 வரை ஐம்பது சீசன் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியை நடத்தினார். அதற்கு முன் வேறு அணியை நடத்தியதையும் சேர்த்து 3731 வெற்றி, 3948 தோல்வி. மேனேஜர்களில் மிக அதிகம் வென்றவரும் அவர்தான், மிக அதிகம் தோற்றவரும் அவர்தான். 1914இல் அவருடைய அணி 99 ஆட்டங்கள் வென்றது. போட்டியாக முளைத்த ஃபெடரல் லீக் சம்பளங்களை ஏற்றிவிட, மேக் தன் நட்சத்திரங்களை விற்றும் விட்டும் தள்ளினார். 1915இல் 43 வெற்றி, 1916இல் 36 வெற்றி, 117 தோல்வி. மனிதர் அதே மனிதர், மூளை அதே மூளை. கேஸி ஸ்டெங்கல் கதை இன்னும் வேடிக்கையானது. நியூயார்க் யாங்கீஸுக்கு வருமுன் புரூக்ளினிலும் பாஸ்டனிலும் அவர் நடத்திய ஒன்பது சீசன்களில் தோல்வியைவிட வெற்றி கூடியது ஒரே ஒரு முறை. யாங்கீஸில் 1949 தொடங்கி ஐந்து ஆண்டும் தொடர்ந்து உலகத் தொடர் பட்டம். 12 ஆண்டுகளில் மொத்தம் ஏழு. மேதை என்றார்கள். 1962இல் புதிதாகப் பிறந்த நியூயார்க் மெட்ஸ் அவரிடம் வந்தது. 40 வெற்றி, 120 தோல்வி.

இதிலிருந்து மேனேஜர் ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆட்டக்காரர்கள் தரும் ஏற்ற இறக்கம் பெரிது, மேனேஜர் தருவது சிறிது என்பதைத்தான் இவை காட்டுகின்றன. அந்தச் சிறிதை எப்படி அளப்பது என்பதில்தான் சிக்கல். பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் எழுத்தாளர் இதற்கு ஒரு வழி காட்டினார். ஓர் அணி எடுத்த ஓட்டங்களையும் விட்டுக்கொடுத்த ஓட்டங்களையும் வைத்தே அது எத்தனை ஆட்டம் வென்றிருக்க வேண்டும் என்று கணிக்கலாம். கணிப்புக்கும் நடந்ததற்கும் இடையிலான வித்தியாசத்தை முதலில் மேனேஜரின் சாமர்த்தியம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அடுத்த ஆண்டு அதே மேனேஜரோடு தங்குவதில்லை. தங்காத சாமர்த்தியத்துக்கு அதிர்ஷ்டம் என்றுதான் பெயர்.

கிரிக்கெட்டில் இதற்கு ஏறக்குறைய ஈடான ஓர் எண் புள்ளிப் பட்டியலின் ஓரத்திலேயே கிடக்கிறது. நெட் ரன்ரேட். ஓவருக்கு நாம் எடுத்த ரன்னிலிருந்து ஓவருக்கு நாம் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது. சமபுள்ளி வந்தால்தான் அதைத் தேடுவோம். புனேயின் இரண்டு சீசன்களையும் அந்த எண் வழியாகப் பார்த்தால் காட்சி மாறிவிடுகிறது.

2016, தோனி: பிளஸ் 0.015. 2017, ஸ்மித்: பிளஸ் 0.176. இருபது ஓவருக்குப் பெருக்கிப் பார்த்தால் முன்னேற்றம் ஆட்டத்துக்குச் சுமார் மூன்று ரன். ஏழாமிடத்தில் கிடந்த தோனியின் அணி, ரன் கணக்கில் சமநிலைக்கு ஒரு மயிரிழை மேலேதான் இருந்தது. அவ்வாண்டு நான்காமிடம் பிடித்து பிளேஆஃப் போன கொல்கத்தாவின் ரன்ரேட் பிளஸ் 0.106. புனேக்கு மேலே ஐந்தாம், ஆறாம் இடங்களில் இருந்த மும்பையும் டெல்லியும் மைனஸில் இருந்தன.

இங்கே நமக்கு ஒரு வசதி கிடைக்கிறது. எந்த ஆய்விலும் மருந்து கொடுத்த நோயாளிக்குப் பக்கத்தில் மருந்து கொடுக்காத நோயாளி ஒருவரும் வேண்டும். சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டாண்டுத் தடை விழுந்தபோது புனேயோடு சேர்ந்து பிறந்த இன்னொரு அணி ராஜ்கோட்டின் குஜராத் லயன்ஸ். இரண்டும் ஒரே நாளில், அந்த இரு அணிகளின் ஆட்டக்காரர்களையே பங்கிட்டுக்கொண்டவை. தோனி, ரஹானே, அஸ்வின், ஸ்மித், டு பிளெஸ்ஸி புனேக்கு. ரெய்னா, ஜடேஜா, மெக்கல்லம், ஃபால்க்னர், பிராவோ ராஜ்கோட்டுக்கு. குஜராத் கேப்டனை மாற்றவில்லை. இரண்டு ஆண்டும் சுரேஷ் ரெய்னா, இரண்டு ஆண்டும் பயிற்சியாளர் பிராட் ஹாட்ஜ். 2016இல் 9 வெற்றியோடு பட்டியலின் உச்சி. 2017இல் 4 வெற்றியோடு ஏழாமிடம். ரன்ரேட்? மைனஸ் 0.374, பிறகு மைனஸ் 0.412. முதலிடம் பிடித்த ஆண்டிலும் குஜராத் ரன் கணக்கில் கடன்பட்ட அணிதான்.

ஆக, கேப்டனை மாற்றிய அணி ஐந்திலிருந்து ஒன்பதுக்கு ஏறியது; மாற்றாத அணி ஒன்பதிலிருந்து நான்குக்கு இறங்கியது. இரண்டிலும் அடியில் ஓடிய ரன் கணக்கு பெரிதாக நகரவில்லை.

நெட் ரன்ரேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. இரண்டாவதாக ஆடி வெல்லும் அணி இலக்கைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. கையில் எத்தனை விக்கெட் மிச்சம் என்பது கணக்கில் வருவதில்லை. துரத்தியே வெல்லும் அணிகளை இந்த எண் குறைத்துக் காட்டும். 2016 குஜராத்துக்கு இந்தச் சலுகையைக் கொஞ்சம் கொடுக்கலாம். ஸ்மித் பக்கம் நிற்பவர்களும் ஒரு நியாயமான வாதம் வைக்கலாம்: 2017 ஏப்ரல் 11 அன்று அவர் உடல்நலமில்லாமல் ஒதுங்க, ரஹானே தலைமையில் ஆடிய புனே டெல்லியிடம் 97 ரன்னில் தோற்றது. அந்த ஒரு ஆட்டத்தைக் கழித்தால் ரன்ரேட் 0.5ஐத் தாண்டிவிடும். சரி. ஆனால் கடைசி லீக் ஆட்டத்தில் பஞ்சாப் 73 ரன்னுக்குச் சுருண்டதையும் கழித்தால் மறுபடி இறங்கிவிடும். ஒரே ஆட்டத்தைத் தூக்கினால் இவ்வளவு ஆடும் எண்ணை வைத்துக்கொண்டுதான் ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குகிறோம், இன்னொருவரை ஏற்றுகிறோம்.

பதினான்கு ஆட்டம் என்பது எவ்வளவு குறைவு என்பதைக் கணக்கு சொல்லட்டும். வெற்றி தோல்விக்குச் சரிபாதி வாய்ப்புள்ள ஓர் அணியை 14 ஆட்டம் ஆடவிட்டால் சராசரியாக 7 வெற்றி வரும். திட்ட விலக்கம் ஏறத்தாழ 1.9. ஒன்பதோ அதற்கு மேலோ வெற்றி வரும் வாய்ப்பு 21 விழுக்காடு. ஐந்தோ அதற்குக் கீழோ வரும் வாய்ப்பும் அதே 21. நாணயத்தைச் சுண்டினாலே ஐந்தாண்டுக்கொரு முறை ஒரு ஸ்மித் கிடைப்பார், ஐந்தாண்டுக்கொரு முறை ஒரு தோனி பதவியிழப்பார்.

இன்னொரு கோணம். நல்ல கேப்டன் ஒருவர் சீசனுக்கு ஒரு வெற்றியைக் கூட்டித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 14இல் ஒன்று பெரிய பங்களிப்பு. அதைத் தற்செயலின் இரைச்சலிலிருந்து ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறிய எத்தனை ஆட்டம் தேவை? ஏறக்குறைய 196. அதாவது 14 சீசன். பேஸ்பாலில் ஓர் ஆண்டுக்கே 162 ஆட்டம். அங்கும் வெறும் தற்செயலே ஆறு வெற்றியை இப்படியோ அப்படியோ தள்ளும் என்பதால், மேனேஜர் தரும் இரண்டு மூன்று வெற்றி ஓராண்டில் கண்ணுக்குத் தெரியாது.

புனேயின் இரண்டு சீசன்களை ஆட்டம் ஆட்டமாகப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. 2016 ஏப்ரல் 24 அன்று கொல்கத்தாவிடம் இரண்டு விக்கெட் மிச்சத்தில் தோல்வி. ஏப்ரல் 29 அன்று ஸ்மித் 101 அடித்தும், குஜராத் கடைசிப் பந்தில் 196ஐத் தொட்டுவிட்டது. மே 10 அன்று விசாகப்பட்டினத்தில் ஆடம் ஸாம்பா 19 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தும் ஹைதராபாத்திடம் நான்கு ரன்னில் தோல்வி. அந்த ஆட்டம் விசாகப்பட்டினத்தில் நடந்ததற்கே மகாராஷ்டிரத்தின் வறட்சி காரணம்; ஏப்ரலுக்குப் பிறகு மாநிலத்தில் ஆட்டம் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதால் புனே பாதி சீசனில் சொந்த மைதானத்தை இழந்தது. பீட்டர்சன், டு பிளெஸ்ஸி, ஸ்மித், மிட்செல் மார்ஷ் நால்வரும் காயத்தோடு ஊருக்குத் திரும்பினார்கள். தோனி மீதும் குறை உண்டு. அஸ்வினுக்குச் சில ஆட்டங்களில் நான்கு ஓவரை முழுதாகக் கொடுக்கவில்லை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இழந்த அணியில் அந்த ஓரிரு ஓவர்களின் எடை எவ்வளவு?

2017இல் நூலிழை ஆட்டங்கள் மறுபக்கம் சாய்ந்தன. ஹைதராபாத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் வெற்றி, அடித்தவர் தோனி. வான்கடேயில் மும்பையை மூன்று ரன்னில் வென்றது. ஹைதராபாத்தில் ஜெய்தேவ் உனத்கட் கடைசி ஓவரில் ஹாட்ரிக் எடுத்து ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்தார். அவர் அந்த ஆண்டு எடுத்தது 24 விக்கெட்; ஏலத்தில் அவர் விலை 30 லட்சம். 14.5 கோடிக்கு வாங்கிய பென் ஸ்டோக்ஸ் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பத்து லட்சத்துக்கு வந்த உள்ளூர் பையன் ராகுல் திரிபாதி 391 ரன் குவித்தார்.

இவற்றுள் எது கேப்டன் செய்தது? மார்ஷ் காயமடைந்ததால் மாற்றாக வந்தவர் இம்ரான் தாஹிர். ஏலத்தில் யாரும் சீந்தாதவர், 18 விக்கெட் எடுத்தார். அஸ்வின் காயமடைந்ததால் வந்தவர் சென்னையின் வாஷிங்டன் சுந்தர். பதினேழு வயது. முதல் தகுதிச் சுற்றில் மும்பையின் சொந்த மண்ணிலேயே 16 ரன்னுக்கு மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனானார். அந்தப் பையன் கையில் புதுப்பந்தைக் கொடுத்துப் பவர்பிளேயில் வீசவைத்த துணிச்சல் ஸ்மித்துடையது, அதை யாரும் பறிக்க முடியாது. அஸ்வின் நலமாக இருந்திருந்தால் அந்தத் துணிச்சலுக்கே வேலை இருந்திருக்காது. ஒன்றை மறந்துவிடக்கூடாது: பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் இரண்டு சீசனிலும் அவரேதான். 2016 தோல்விக்கு அவரை யாரும் திட்டவில்லை, 2017 வெற்றிக்கு அவரை யாரும் தூக்கிக் கொண்டாடவும் இல்லை.

புனேக்குக் கேப்டன்களை மாற்றிப் பார்த்த பழைய அனுபவமும் உண்டு. சஹாரா நிறுவனம் 37 கோடி டாலர் கொடுத்து வாங்கிய புனே வாரியர்ஸ் மூன்றே சீசன் வாழ்ந்தது. 2011இல் யுவராஜ் சிங். 2012இல் சௌரவ் கங்குலி. 2013இல் ஏஞ்சலோ மாத்யூஸ், ராஸ் டெய்லர், ஆரோன் ஃபின்ச் என்று வரிசையாக. வெற்றிகள் முதலாண்டு நான்கு, இரண்டாமாண்டு நான்கு, மூன்றாமாண்டும் நான்கு. இந்தியாவின் மிகப் பெரிய கேப்டன்களில் ஒருவர் வந்தும் எண் அசையவில்லை. 2013இல் இலங்கை ஆட்டக்காரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்று தமிழக அரசு எதிர்ப்புத் தெரிவிக்க, சேப்பாக்கத்தில் மாத்யூஸ் இல்லாமல் டெய்லர் தலைமையில் இறங்கிய வாரியர்ஸ், அந்த மண்ணில் எல்லாரும் அஞ்சும் சென்னையை 24 ரன்னில் வீழ்த்தியது. அதை வைத்து டெய்லரைச் சிறந்த கேப்டன் என்று யாரும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதுதான் சரி. அதே கண்டிப்பு 2017இலும் இருந்திருக்கலாம்.

நெதர்லாந்துக் கால்பந்து லீக்கில் 1986 முதல் 2004 வரையான சீசன்களை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வீல் இதையே பெரிய அளவில் கண்டார். தொடர் தோல்விக்குப் பிறகு பயிற்சியாளரை நீக்கிய அணிகள் எழுந்தன. அதே அளவு சரிந்து, ஆனால் யாரையும் நீக்காத அணிகளும் அதே அளவு எழுந்தன. அடிமட்டத்தில் இருப்பவர் மேலேதான் போக முடியும். உரிமையாளர்களுக்கு இது புரியாமலில்லை. ஆனால் ஆட்டக்காரர்களை மாற்ற ஏலப் பணம் வேண்டும், ஏலம் வரும்வரை காத்திருக்க வேண்டும். கேப்டனை மாற்ற ஓர் அறிக்கை போதும். ஏதோ செய்தோம் என்று காட்ட அதைவிட மலிவான வழி இல்லை. புனே உரிமையாளர் பின்னர் 7,090 கோடிக்கு லக்னோ அணியை வாங்கினார். 2024இல் கே.எல். ராகுல் தலைமையில் ஏழாமிடம். 27 கோடிக்கு ரிஷப் பந்த்தை எடுத்துக் கேப்டனாக்கினார்கள். 2025இலும் ஏழாமிடம்.

மும்பையும் இதற்கு விலக்கல்ல. 2024இல் ரோஹித் சர்மாவை இறக்கி ஹர்திக் பாண்டியாவை ஏற்றியபோது வான்கடே ரசிகர்களே கூச்சலிட்டார்கள். நான்கு வெற்றி, கடைசி இடம். ரோஹித் இருந்திருந்தால்? 2022இல் இருந்தார். நான்கு வெற்றி, கடைசி இடம். ரோஹித்தின் ஐந்து கோப்பைகளில் இரண்டு, 2017இல் புனேக்கு எதிராகவும் 2019இல் சென்னைக்கு எதிராகவும், ஒரே ஒரு ரன்னில் வந்தவை. இரண்டும் ஹைதராபாத்தில். 2017இல் கடைசிப் பந்தில் புனேக்கு நான்கு ரன் தேவை. டான் கிறிஸ்டியன் இரண்டு ஓடி மூன்றாவதுக்குத் திரும்பும்போது ரன் அவுட். அந்தப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தால் ஸ்மித் கோப்பை வென்ற கேப்டன். 2020இல் அதே ஸ்மித்தின் தலைமையில் ராஜஸ்தான் கடைசி இடத்தில் முடிந்தது, அவரை விடுவித்தார்கள்.

எல்லாமே தற்செயல் என்றால் சென்னையை எப்படி விளக்குவது என்ற கேள்வி எழும். எழ வேண்டும். 2008 முதல் 2015 வரை எட்டு சீசன், தடைக்குப் பின் 2018, 2019. பத்திலும் சென்னை முதல் நான்குக்குள் வந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தாராளமாகக் கொடுத்தாலும் ஓர் அணிக்கு இது நடக்கும் வாய்ப்பு 1024இல் ஒன்று. எட்டு அணிகளில் ஏதேனும் ஒன்றுக்கு நடக்க நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இது நாணயம் சுண்டி வருவதல்ல. இருநூறு ஆட்டங்களுக்கு மேல் ஐ.பி.எல்.லில் தலைமை தாங்கியவர் தோனி ஒருவர்தான். முன்பு சொன்ன 196ஐத் தாண்டியவரும் அவர் மட்டுமே. ஆனால் அவ்வளவும் பெரும்பாலும் ஒரே அணியில், ஒரே பயிற்சியாளரோடு, சுழலுக்கு உதவும் ஒரே ஆடுகளத்தில், ஆண்டுக்காண்டு தக்கவைக்கப்பட்ட அதே ஆட்டக்காரர்களோடு. இதில் தோனியின் பங்கு எது, சேப்பாக்கத்தின் பங்கு எது என்று பிரிக்க வழியில்லை. அவரைச் சென்னையிலிருந்து பெயர்த்து வேறு மண்ணில் நட்டுப் பார்த்த ஒரே சோதனை 2016 புனே. அதுவும் 14 ஆட்டம். 2022இல் ஜடேஜா கேப்டனாக எட்டில் இரண்டு வென்று விலக, தோனி திரும்பி ஆறில் இரண்டு வென்றார்; அதுவும் எதையும் சொல்லவில்லை.

2018 கொஞ்சம் சொல்கிறது. தடை முடிந்து சென்னை திரும்பிய ஆண்டு. காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டத்தோடு நிறுத்தி, மீதி ஆறு சொந்த ஆட்டங்களையும் புனேக்கு மாற்றினார்கள். சென்னையிலிருந்து ரசிகர்கள் சிறப்பு ரயிலில் போனார்கள். ஏற்கெனவே தோனி கேப்டன் வேலைக்கு ஆகாதவர் என்று முடிவான அதே கஹுஞ்சே மைதானம், அதே தோனி, அதே ஃபிளெமிங். ஆறில் ஐந்து வெற்றி, முடிவில் கோப்பை. சேப்பாக்கம் இல்லாமலும் அது நடந்தது என்பதால் ஆடுகளத்தின் பங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். மிஞ்சுவது ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம். 36 வயது ஷேன் வாட்சனை 4 கோடிக்கும், மும்பை விட்ட அம்பட்டி ராயுடுவை 2.2 கோடிக்கும் எடுத்தார்கள். கிழவர்கள் அணி என்று கேலி எழுந்தது. ராயுடுவை முன்வரிசைக்கு ஏற்றினார்கள், 602 ரன். வாட்சன் 555 ரன். இறுதிப் போட்டியில் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்காத வாட்சன், ஆட்டமிழக்காமல் 117இல் முடித்தார். தலைமையின் பங்கு எங்காவது இருக்குமானால் அது இங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு: ஜனவரி ஏலத்தில் யாரை எடுப்பது, யாருக்கு எந்த இடம், தடுமாறினால் எத்தனை ஆட்டம் பொறுப்பது. மே மாதத்து மைதானத்தில் கையசைத்து ஃபீல்டரை இரண்டடி நகர்த்துவதில் அல்ல.

அந்தக் கணிப்புக்கும் புனே ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. 2016 பிப்ரவரி ஏலத்துக்கும் கேப்டன் தோனி, பயிற்சியாளர் ஃபிளெமிங். அணி 3.5 கோடிக்குப் பீட்டர்சனையும் 4.8 கோடிக்கு மார்ஷையும் எடுத்தது. இரண்டும் வாட்சனைப் போலவே யோசித்து எடுத்த தேர்வுகள். ஒருவருக்குக் கெண்டைக்காலிலும் இன்னொருவருக்கு விலாவிலும் பிடித்துக்கொண்டது.